வாக்குத்தத்தம் வந்து வருஷங்கள் ஆகிவிட்டன. கர்த்தருடைய வேளையை எப்படி நம்புவது?

சகோதரி, நீங்கள் கேட்டதைச் சுருக்கமாக இங்கே வைத்துவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். கல்யாணமாகி ஏழு வருஷம் ஆகிறது, குழந்தை இல்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால், டிசம்பர் 31 இரவு ஆராதனையில் தட்டிலிருந்து எடுத்த வாக்குத்தத்த அட்டையில் உங்களுக்கு எரேமியா 29:11 வந்தது. அன்றிலிருந்து அந்த வசனத்தைப் பிடித்துக்கொண்டு ஜெபிக்கிறீர்கள். சபையில் எல்லாரும் 'கர்த்தருடைய வேளை வரும்' என்கிறார்கள். அது உண்மையா, இல்லை ஆறுதலுக்குச் சொல்வதா, அதுவரை நான் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். 'எத்தனை நாள் என்று கேட்பது தப்பென்றால் மன்னியுங்கள்' என்றும் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள்.

அந்தக் கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அது தப்பே இல்லை. 13ஆம் சங்கீதத்தைத் திறந்து பாருங்கள். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்றுதான் தொடங்குகிறது. முதல் இரண்டு வசனத்துக்குள் 'எதுவரைக்கும்' என்ற வார்த்தை நான்கு முறை வருகிறது. இதைப் பாட்டாக்கி ஆலயத்திலே எல்லாரும் சேர்ந்து பாடியிருக்கிறார்கள். உங்கள் கேள்வி வேதத்துக்குள்ளேயே இருக்கிற கேள்வி.

நான் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள். முப்பது வருஷமாகச் சபையில் பெண்களுக்கு வேதபாடம் எடுக்கிறேன். அந்தப் பழக்கத்தில், உங்களிடம் ஒரு கஷ்டமான விஷயத்தையும் நேராகச் சொல்ல வேண்டியிருக்கிறது. எரேமியா 29:11 உங்களுக்குக் குழந்தை பிறக்கும் என்று சொல்லவில்லை. சொன்னால் உங்கள் விசுவாசம் குலைந்துவிடுமோ என்ற பயத்தில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். எனக்கும் அந்தப் பயம் உண்டு. ஆனால் கர்த்தர் சொல்லாத ஒன்றை அவர் சொன்னதாக நினைத்துக் காத்திருந்தால், அது நடக்காமல் போகும்போது அவர் பொய் சொல்லிவிட்டார் என்று மனசு முடிவுகட்டிவிடும். அந்த இடத்தில் வந்து நின்று, அப்புறம் பைபிளையே மூடிவைத்துவிட்ட பெண்களை எனக்குத் தெரியும். அதனால் அந்த வசனம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுவோம். பார்த்த பிறகு அது உங்களுக்கு முன்பைவிடப் பெரிதாகத்தான் தெரியும் என்று நம்புகிறேன்.

கி.மு. 597இல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் எருசலேமிலிருந்து ராஜா எகொனியாவையும், அவன் தாயையும், பிரபுக்களையும், தச்சரையும் கொல்லரையும் சிறைபிடித்துக் கொண்டுபோனான். எரேமியா எருசலேமிலேயே இருந்தார். போனவர்களுக்கு அவர் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தனுப்பினார். 29ஆம் அதிகாரம் அந்தக் கடிதம்தான். நம் அட்டையில் 11ஆம் வசனம் மட்டும் அச்சாகிறது. கடிதமோ 5ஆம் வசனத்தில் வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அதன் கனியைச் சாப்பிடுங்கள் என்று தொடங்குகிறது. பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணிவையுங்கள். உங்களைச் சிறைபிடித்துக் கொண்டுபோன அந்தப் பட்டணம் நன்றாயிருக்க ஜெபம் பண்ணுங்கள். அப்புறம் 10ஆம் வசனம், எழுபது வருஷம் கழித்து உங்களைத் திரும்பக் கொண்டுவருவேன் என்கிறது. அதற்குப் பிறகுதான், "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்."

எழுபது வருஷம். அந்தக் கடிதத்தை வாசிக்கக் கேட்ட முப்பது வயதுக்காரர் ஒருவர் மனசுக்குள் கணக்குப் போட்டிருப்பார்: திரும்பும்போது எனக்கு நூறு வயது. அவருக்கும் சேர்த்துத்தான் இந்த வசனம் எழுதப்பட்டது.

இன்னொன்றும் கவனியுங்கள். இந்த வசனத்தில் 'உங்களுக்கு', 'உங்கள்பேரில்' என்று வருகிறது. இன்றைய தமிழில் ஒருவரை மரியாதையாகப் பேசினாலும் 'உங்களுக்கு' என்போம், அதனால் இது எனக்கென்று தனியாகச் சொன்னது என்று படித்துவிடுகிறோம். நம் பழைய தமிழ் பைபிளில் கர்த்தர் ஒரு ஆளிடம் பேசினால் எப்போதும் 'நீ', 'உன்னை' என்றுதான் இருக்கும். ஆபிரகாமிடம் அப்படி, மோசேயிடம் அப்படி, எரேமியாவிடமும் அப்படித்தான். 'உங்கள்' என்று வந்தால் அது கூட்டம். ஒரு ஜனத்துக்கு, தலைமுறை தாண்டிக் கொடுத்த வாக்கு இது. உங்களுக்கு அதில் பங்கில்லை என்று நான் சொல்லவரவில்லை. பங்கு உண்டு. தம்முடைய ஜனத்தின்மேல் அவருக்கு இருக்கிற நினைவுகள் தீமையானவை அல்ல என்பது உங்களைப் பற்றியும் உண்மை. அந்த நினைவுகளுக்குள் என்னென்ன இருக்கிறது என்ற பட்டியல் மட்டும் நம் கையில் கொடுக்கப்படவில்லை.

இதே காலத்தில், முந்தின அதிகாரத்தில், அனனியா என்று ஒரு தீர்க்கதரிசி வருகிறான். இரண்டே வருஷத்தில் எல்லாரும் திரும்பி வந்துவிடுவார்கள் என்று அவன் எல்லாருக்கும் முன்பாக அறிவித்தான். அதற்கு எரேமியா சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா? "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக." அவருக்கும் அப்படி நடந்தால் சந்தோஷம்தான். அதற்குப் பிறகு அனனியா, பாபிலோனுக்கு அடங்கியிருக்க வேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியா கழுத்தில் போட்டிருந்த நுகத்தை எடுத்து உடைத்தும் போட்டான். ஆனால் நடக்கவில்லை. அனனியா அதே வருஷம் ஏழாம் மாதத்தில் இறந்துபோனான்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், உங்கள் நிலைமையில் இருக்கிற பெண்களைத் தேடி அனனியாக்கள் வருவார்கள். 'அடுத்த வருஷம் இதே நேரம் உன் மடியில் பிள்ளை இருக்கும்' என்று கூட்டத்தில் பேர் சொல்லிக் கூப்பிட்டுச் சொல்வார்கள். விசேஷக் காணிக்கை விதைத்தால் வேளை சீக்கிரம் வரும் என்பார்கள். நடக்கவில்லை என்றால் உன் விசுவாசம் போதவில்லை, வீட்டில் ஏதோ சாபம் இருக்கிறது என்று பழியை உங்கள்மேலேயே போட்டுவிடுவார்கள். அந்தப் பேச்சை வாங்கிக்கொள்ளாதீர்கள். கர்த்தர் ஒரு தேதியைச் சொல்ல நினைத்தால் சாராள் காதுபடச் சொன்னதுபோல அவரே சொல்வார். காசு வாங்கிக்கொண்டு சொல்லமாட்டார்.

சாராள் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. உங்கள் பைபிளில் ஆதியாகமம் 16ஆம் அதிகாரத்தின் கடைசி வசனத்தையும் 17ஆம் அதிகாரத்தின் முதல் வசனத்தையும் சேர்த்துப் பாருங்கள். முதலாவதில் அவள் கணவர் ஆபிராமுக்கு (ஆபிரகாமின் பழைய பெயர்) வயது 86. அடுத்ததில் 99. நடுவில் ஒரு விரல் அகலம் வெள்ளைத்தாள் இருக்கும், அவ்வளவுதான். அந்த வெள்ளையில் பதின்மூன்று வருஷம் இருக்கிறது. அத்தனை வருஷத்தில் கர்த்தர் ஒரு வார்த்தை பேசினதாக எழுதப்படவில்லை. ஆரானை விட்டுப் புறப்பட்டபோது அவருக்கு 75, ஈசாக்கு பிறந்தபோது 100. இருபத்தைந்து வருஷம் என்று நாம் பிரசங்கத்தில் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். சாராள் அதை மாதம் மாதமாக எண்ணியிருப்பாள். அது எப்படிப்பட்ட எண்ணிக்கை என்று உங்களுக்குத் தெரியும்.

பிள்ளைக்காகத் தன் அடிமைப்பெண் ஆகாரை ஆபிரகாமுக்குக் கொடுத்தது அவசரபுத்தி என்று அவளைக் குறை சொல்வது சுலபம். பத்து வருஷம் கானானில் காத்திருந்த பிறகுதான் அவள் அதைச் செய்தாள். அதனால் ஆகாருக்கு நடந்தது அநியாயம், அது வேறு விஷயம், அதைக் கர்த்தரும் பார்த்தார். ஆனாலும் பிள்ளை பிறக்கும் என்று கேட்டு நம்ப முடியாமல் சாராள் சிரித்ததற்காகக் கர்த்தர் அவளைத் தள்ளிவிடவில்லை. "கர்த்தரால் ஆகாத காரியம் உண்டோ?" என்ற கேள்வியை அவள் சிரிப்புக்குப் பதிலாக வைத்தார். நம்பிக்கை குறைந்துபோன நாட்களும் உங்களுக்கு வரும். அதனால் வாக்கு ரத்தாகிவிடும் என்று பயப்படாதீர்கள்.

சரி, 'அதுவரை என்ன செய்வது' என்ற கேள்விக்கு வருகிறேன்.

டாக்டரிடம் போங்கள், கணவரோடு சேர்ந்து போங்கள். நீங்கள் எழுதினதில் ஒரு இடத்தில், டாக்டரிடம் போனால் கர்த்தரை நம்பாததுபோல் ஆகிவிடுமோ என்று மாமியார் நினைக்கிறார் என்று இருக்கிறது. 2 இராஜாக்கள் 20ஆம் அதிகாரத்தை அவர்களோடு உட்கார்ந்து வாசியுங்கள். எசேக்கியா ராஜா சாகக்கிடக்கிறான். உன் நாட்களோடே பதினைந்து வருஷம் கூட்டுவேன், மூன்றாம் நாளில் நீ ஆலயத்துக்குப் போவாய் என்று கர்த்தர் ஏசாயா மூலம் சொல்லி அனுப்புகிறார். இதைவிடத் தெளிவான வாக்குத்தத்தம் வேண்டுமா? அதைச் சொன்ன அதே ஏசாயா அடுத்து, அத்திப்பழத்து அடையைக் கொண்டுவாருங்கள் என்கிறார். அதைப் புண்ணின்மேல் வைத்துக் கட்டினார்கள், அவன் பிழைத்தான். வாக்கும் மருந்தும் ஒரே நாளில், ஒரே ஆளின் வாயிலிருந்து வந்தது.

ஒரு வருஷம் முயன்றும் கரு தரிக்கவில்லை என்றாலே பரிசோதிக்க வேண்டும். மனைவிக்கு 35 வயது தாண்டிவிட்டால் ஆறு மாதத்திலேயே போய்விட வேண்டும் என்பார்கள். ஆண் பக்கத்துக் காரணமும் மிகவும் சகஜம். பெண்ணை மட்டும் ஊசியும் மாத்திரையுமாக அலையவிட்டு, கணவர் ஒரு எளிய பரிசோதனைக்குக்கூடப் போகாமல் வருஷங்களைக் கழித்த வீடுகளை நான் கண்டிருக்கிறேன். உங்கள் விஷயத்தில் ஏழு வருஷம் ஆகிவிட்டது. இதைத் தள்ளிப்போட 'கர்த்தருடைய வேளை' என்ற வார்த்தையை யாரும் பயன்படுத்த விடாதீர்கள்.

கல்யாண வீட்டிலும் ஞானஸ்நான வீட்டிலும் 'விசேஷம் ஏதும் உண்டா?' என்று கேட்பார்களே, அதற்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. போக முடியாத நாளில் போகாமல் இருங்கள். அன்னாளைப் பற்றி எல்லாரும் உங்களிடம் சொல்லியிருப்பார்கள், அதனால் அவள் கதையை நான் திரும்பச் சொல்லப்போவதில்லை. ஒன்றே ஒன்று. அவள் முகம் மாறினது சாமுவேல் பிறந்தபோது அல்ல. அழுது, மனசில் இருந்ததையெல்லாம் கொட்டிவிட்டு, எழுந்து போய்ச் சாப்பிட்டாள். "அப்புறம் அவள் துக்கமுகமாயிருக்கவில்லை" என்று 1 சாமுவேல் 1:18 சொல்கிறது. அன்றைக்கு அவள் கையில் பிள்ளையும் இல்லை, வயிற்றிலும் இல்லை. நீங்களும் நேரத்துக்குச் சாப்பிடுங்கள். ஏழு வருஷமாக மாதத்தில் பாதி நாள் உபவாசம் இருக்கிறேன் என்று எழுதியிருப்பதைப் படித்ததும் எனக்கு மனசு கேட்கவில்லை. உடம்பு வாடினால் அது சிகிச்சைக்கும் நல்லதல்ல.

எங்கள் அம்மாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். அவளும் ஒவ்வொரு புத்தாண்டுக்கும் எடுத்த வாக்குத்தத்த அட்டையைப் பைபிளுக்குள் வைத்துக்கொள்வாள். அவள் இறந்த பிறகு ஒரு சாயங்காலம் நான் அவற்றை எடுத்துப் பார்த்தேன். பதினான்கு அட்டை. முன்பக்கம் ஒவ்வொன்றிலும் வேறு வேறு வசனம். பின்பக்கம் எல்லாவற்றிலும் பால்பாயிண்ட் பேனாவால் ஒரே வரி: 'தம்பி குடியை விட வேண்டும்.' எங்கள் மாமாவைத்தான் அப்படி எழுதியிருந்தாள். முதல் அட்டையில் எழுத்து நேராக இருந்தது. கடைசி இரண்டில் கை நடுங்கி, வரி சாய்ந்து கீழே இறங்கியிருந்தது.

அந்தப் பதினான்கு வருஷம் அவள் என்ன செய்தாள் என்று யோசித்துப் பார்க்கிறேன். மாமா எங்கள் வீட்டுக்கு அடுத்த தெருவில் தனியாக இருந்தார். ராத்திரிக்கு ஒரு தட்டில் சோறும் குழம்பும் போட்டு, மேலே இன்னொரு தட்டைக் கவிழ்த்து, திண்ணை ஜன்னலில் வைத்துவிடுவாள். சில நாள் வந்து சாப்பிடுவார். பல நாள் காலையில் தட்டு அப்படியே இருக்கும், அதைக் கோழிக்குப் போட்டுவிட்டுத் தட்டைக் கழுவுவாள். கையில் பணமாக மட்டும் ஒரு நாளும் கொடுத்ததில்லை. 'நீ பிரசங்கம் பண்ணேன், திட்டேன்' என்று நாங்கள் சொன்னாலும் செய்யமாட்டாள். மாமா குடியை விட்டது அம்மா இறந்து இரண்டு வருஷம் கழித்து. இப்போது மூன்று வருஷமாகக் குடிப்பதில்லை. இதைக்கூட நான் பயந்துகொண்டேதான் எழுதுகிறேன்.

அம்மா அதைப் பார்க்கவில்லை. எபிரெயர் 11ஆம் அதிகாரத்தில் விசுவாசவீரர்களின் பெயரைச் சொல்லிக்கொண்டே வந்து, 13ஆம் வசனத்தில், இவர்களெல்லாரும் வாக்குத்தத்தம் பண்ணப்பட்டவைகளை அடையாமல், "தூரத்திலே அவைகளைக் கண்டு, நம்பி அணைத்துக்கொண்டு" மரித்தார்கள் என்று இருக்கிறது. அந்த 'அணைத்துக்கொண்டு' என்ற வார்த்தையைப் பல வருஷம் நான் கவனிக்காமலே வாசித்திருக்கிறேன். தூரத்தில் இருப்பதை எப்படி அணைத்துக்கொள்ள முடியும்? அந்தத் தட்டை மூடிவைத்த கையை நினைத்துக்கொண்டால் எனக்கு அது கொஞ்சம் புரிகிறது.

அதனால் உங்களுக்குப் பிள்ளை பிறக்கும் என்று நான் எழுதித்தர முடியாது. பிறக்க வேண்டும் என்று உங்களோடு சேர்ந்து கேட்பேன், இன்றைக்கே கேட்கிறேன். ஆனால் கர்த்தருடைய வேளை உண்மையா என்று நீங்கள் கேட்டதற்கு என் பதில், உண்மை. ஆபகூக் 2:3 சொல்வதைப் பாருங்கள்: "அது தாமதித்தாலும் அதற்குக் காத்திரு, அது நிச்சயமாய் வரும், அது தாமதிப்பதில்லை." ஒரே வசனத்தில் 'தாமதித்தாலும்' என்றும் இருக்கிறது, 'தாமதிப்பதில்லை' என்றும் இருக்கிறது. நாம் நிற்கிற இடத்திலிருந்து பார்த்தால் அது தாமதம்தான். அதை அவர் மறுக்கவில்லை. காத்திரு என்று மட்டும் சொல்கிறார்.

இனி அந்த அட்டை வசனத்தை எழுதின எரேமியாவிடமே திரும்பிப் போவோம். நீங்கள் இதைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களோ தெரியாது: எரேமியாவுக்குக் கல்யாணமும் இல்லை, பிள்ளையும் இல்லை. நீ விவாகம் பண்ண வேண்டாம், இவ்விடத்தில் உனக்குக் குமாரரும் குமாரத்திகளும் இருக்க வேண்டாம் என்று கர்த்தரே 16ஆம் அதிகாரத்தில் சொல்லிவிட்டார். மூன்று வருஷமாக நீங்கள் பிடித்துக்கொண்டிருக்கிற வசனம் பிள்ளையில்லாத ஒருவர் கையிலிருந்துதான் வந்தது.

32ஆம் அதிகாரத்தில் அவர் காவற்சாலையின் முற்றத்தில் அடைபட்டிருக்கிறார். சிதேக்கியா ராஜாவின் பத்தாம் வருஷம். கல்தேயர், அதாவது பாபிலோன் படை, எருசலேமைச் சுற்றி வளைத்துவிட்டார்கள். அப்போது பெரியப்பா சித்தப்பா மகன் முறையில் வருகிற அனாமெயேல் வந்து, ஆனதோத்தில் இருக்கிற நிலத்தை நீர் வாங்கிக்கொள்ளும், மீட்கிற பாத்தியம் உம்முடையது என்கிறான். ஆனதோத் எரேமியாவின் சொந்த ஊர். எருசலேமிலிருந்து நான்கைந்து கிலோமீட்டர்தான். எதிரி படை சூழ்ந்து நிற்கிற சமயத்தில் அந்த நிலத்துக்கு யார் காசு கொடுப்பார்கள்? கொடுத்து வாங்கினாலும் யாருக்கு எழுதிவைப்பது?

எரேமியா வாங்கினார். பதினேழு சேக்கல் வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுத்தார். பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு, முத்திரை வைத்து, சாட்சிகளையும் கையெழுத்துப் போடவைத்தார். முத்திரை போட்டது ஒன்று, திறந்தது ஒன்று என்று இரண்டு பத்திரம், நம் ஊரில் அசலும் நகலும் வைத்துக்கொள்வதுபோல. இரண்டையும் தமக்கு எழுத்தராயிருந்த பாருக்கிடம் கொடுத்து, அநேக நாள் கெடாமல் இருக்கும்படி ஒரு மண்பாண்டத்திலே வை என்றார். எல்லாவற்றையும் முடித்த பிறகுதான் ஜெபத்தில் அவருடைய குழப்பம் வெளியே வருகிறது: ஆண்டவரே, பட்டணமே போகப்போகிறதே, என்னைப் போய் நிலம் வாங்கச் சொன்னீரே! அதற்குக் கிடைத்த பதில் அநேகமாகச் சாராளுக்குக் கிடைத்த அதே பதில்தான்: "என்னாலே செய்யக்கூடாத அதிசயமான காரியம் ஒன்றுண்டோ?"

கி.மு. 586இல் எருசலேம் விழுந்தது. மீதியிருந்தவர்கள் எரேமியாவையும் இழுத்துக்கொண்டு எகிப்துக்குப் போனார்கள். அவர் அந்த நிலத்தில் ஒரு நாளாவது ஏர் ஓட்டினதாக எங்கும் எழுதப்படவில்லை.

எஸ்றா 2ஆம் அதிகாரம் வெறும் பெயர்ப்பட்டியல். வருஷ வேதவாசிப்பில் எல்லாரும் வேகமாகத் தாண்டிப் போகிற இடம். கோரேஸ் ராஜா கி.மு. 538இல் கட்டளை கொடுத்த பிறகு பாபிலோனிலிருந்து ஊர் ஊராகத் திரும்பி வந்தவர்களின் கணக்கு அது. இன்றைக்கு ராத்திரி படுப்பதற்கு முன்னால் அதை எடுத்து 23ஆம் வசனத்தில் விரல் வைத்துப் பாருங்கள். ஆனதோத் ஊர்க்காரர்கள், 128 பேர்.